வெண்கல நாயின் உயரம்

1.

வெண்கலம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும் என்று எங்கோ படித்தேன். அதனால் ஒரு பழைய சிலையிலிருந்தே அச்செடுத்து நகல் வார்த்தால், நகல் சற்றுக் குள்ளமாக இருக்குமாம். அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு ஒரு காதல் கதை எழுத உட்கார்ந்தேன்.

"மழை ஓய்ந்த அந்த மாலையில், சோகம் ததும்பும் விழிகளோடு அவன்..."

(வேண்டாம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சளி வேறு.)

2.

பழஞ்சிலைகள் அசலா நகலா என்று பார்த்துச் சொல்பவள் அவள். தனியாக வாழ்கிறவள்.* அன்று அந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர் வீட்டு மேசையில், அவள் முன்னால், ஒரு பிரெஞ்சு வெண்கல வேட்டைநாய். போன வருடம் இறந்துபோன மனைவி, மணநாளுக்குத் தேடிப்பிடித்து அவருக்கு வாங்கித் தந்தது.

அவருடைய அக்கா ஒப்பந்தத்தைச் சொன்னாள். "நிஜம்னா நல்ல விலை வரும், வித்துடணும். போலின்னா இவனே வச்சுக்கட்டும். இவன் இதுகிட்ட உட்கார்ந்து பேசிட்டிருக்கான்மா."

"தூசி தட்டுறேன்க்கா."

"தூசி தட்டும்போது யாராவது 'சாப்பிட்டியா'ன்னு கேப்பாங்களாடா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். உளியால் கீறிய ரோமக் கோடுகள் எங்கும் மழுங்கியிருந்தன, தலையில் இன்னும் அதிகமாக. நகலிலும் கோடு மழுங்கும். தினமும் தடவினாலும் மழுங்கும். இனி உயரம்தான் சொல்ல வேண்டும்.

3.

அளந்தாள். கையோடு கொண்டுவந்த பழஞ்சிலைப் பட்டியலில் இருந்த அசலின் உயரத்தைவிட ஒரு நூல் அளவு கூடுதல். அசல் வளராதே! சாய்த்துப் பார்த்தாள். அடியில் கம்பளித் துணி, ஓரம் மடித்து, இறுக ஒட்டியிருந்தது.

"இது யார் ஒட்டினது?"

"அவதான். மேசையில கீறல் விழுதுன்னு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள். அவ போட்டிருந்த ஸ்வெட்டர்ல வெட்டினது."

"துணி எத்தனை மடிப்புன்னு தெரியாம சொல்ல முடியாதுங்க. பிரிச்சுதான் அளக்கணும். பிரிச்சா கிழிஞ்சுடும்."

அக்கா துணியின் மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"போலியா இருந்தா..." என்று அவர் இழுத்தார். "அவளை ஏமாத்திட்டாங்கன்னு அர்த்தமா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா கொண்டுவந்தா தெரியுமா?"

4.

முடிவு ஒன்று: நகல். நாய் அவரிடமே இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம், கடைக்காரன் பேச்சை நம்பி நின்ற மனைவியின் முகம்.

முடிவு இரண்டு: அசல். மனைவி ஏமாறவில்லை. நாய் போகிறது. மேசையில் கீறல்கூட இல்லை.

முடிவு மூன்று: மதிப்பீட்டாளரும் அவரும் தேநீர் குடிக்கிறார்கள், பிறகு... (அடித்துவிட்டேன். அவள் இந்த வீட்டுக்குள் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.)

கடைசியில் அவர் தலையசைத்தார். "பிரிங்க" என்றார். சிலையை அவரே சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ஒரு கை நாயின் தலையில். கத்தி துணியின் ஓரத்தில் நுழைந்தது.

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த மனிதருக்காக நான் எதை வேண்டிக்கொள்வது? அவர் மனைவி ஏமாந்திருக்க வேண்டும் என்றா, ஏமாந்திருக்கக் கூடாது என்றா? உங்களுக்குத் தெரிந்தால் அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள்.

* ஏன் தனியாக என்று கேட்பீர்கள். அவளிடம் நானும் கேட்டேன். "வேலையைப் பாருங்க" என்றாள்.