அப்பா கொடுத்துவிட்ட வீடு

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையில் சுட்ட ஆட்டுத் தொடையை அறுத்துக்கொண்டே அப்பா சொன்னார்.

"செப்டம்பர் கடைசில மைக்கேல்மஸ் பண்டிகைக்குள்ள டெஸ்ஸக் காலி பண்ணச் சொல்லு, மேரியன். ரூபர்ட் அந்த வீட்ட லீவுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடப் போறான்."

டெஸ் என் தங்கை. ஆப்பிள் தோட்டத்து ஓரத்துச் சின்ன வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று அன்று சாப்பிட வரவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் பேச்சை எடுத்தார். அண்ணன் ரூபர்ட் தலையைத் தூக்காமல் கிரேவியை ஊற்றிக்கொண்டான்.

"அவ எங்கப்பா போவா?"

"புருஷன்கிட்ட. தங்கமான பையன். என்கூட வேட்டைக்கு வர்றவன்."

தங்கமான பையன்! டெஸ்ஸின் மணிக்கட்டை உடைத்தவன்.

அந்த வீட்டையும் தோட்டத்தையும் வரிக்காரன் கையில் சிக்கக் கூடாது என்று அப்பா குடும்ப டிரஸ்ட்டில் வைத்திருந்தார். எங்கள் மூவர் பெயரும் பேரப்பிள்ளைகள் பெயரும் அதில் உண்டு. ஆனால் யாருக்கும் இன்ன பங்கு என்று கிடையாது. யாருக்கு எதைத் தருவது என்பது டிரஸ்டிகள் பாடு. வக்கீல் மிஸஸ் அப்ஜான் ஒருத்தர், நான் ஒருத்தி. எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று அப்பா என்னைப் போட்டார்.

கையெழுத்துக்கு முன் மிஸஸ் அப்ஜான் தெளிவாகத்தான் சொன்னார். "போட்டுட்டா இது உங்களுது இல்ல, மிஸ்டர் ப்ராஸர். உங்க விருப்பத்த எழுதிக் குடுக்கலாம், படிப்போம். ஆனா கட்டளை இல்ல."

"சரி சரி, பேனாவக் குடும்மா" என்றார் அப்பா. காரில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பேப்பர் கெடக்குது. நான் சொல்றதுதான்." நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

"முடியாதுப்பா. டெஸ் அங்கதான் இருப்பா."

கத்தி பாதி இறைச்சியில் நின்றது. "அது நான் கட்டின வீடுடி!"

"கட்டினதும் நீங்க, தூக்கிக் குடுத்ததும் நீங்க."

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வக்கீல் வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கத்தித் தீர்த்தார். அந்தப் பக்கம் நிதானமாக ஒரு கேள்வி வந்தது.

"நாங்க ரெண்டு பேரும் ஒத்துக்கணும், மிஸ்டர் ப்ராஸர். மேரியன் என்ன சொல்றாங்க?"

ஐம்பது வயதாகிறது எனக்கு. மேரியன் என்ன சொல்கிறாள் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

"டெஸ் இருக்கட்டும்."

"எனக்கும் அதுதான் சரின்னு படுது" என்றது போன்.

அப்பா முகம் சிவந்து வெடிக்கப் பார்த்தது. "உன்ன டிரஸ்டியா வெச்சது நான்! தூக்கிடுவேன்!"

"தூக்கற அதிகாரத்தக் கைல வெச்சுக்கங்கன்னு அன்னைக்கே வக்கீலம்மா சொன்னாங்க. 'யாரு, இவளத் தூக்கவா? எதுக்கு?'ன்னு சிரிச்சு வேண்டாம்னுட்டீங்கப்பா."

அவர் கையிலிருந்து கத்தியை வாங்கினேன். டெஸ்ஸுக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல துண்டுகளாக அறுத்து மூடி எடுத்துக்கொண்டு, தோட்டத்து வழியே நடந்தேன்.