முன்பலகைக்கு ஒரு தூண்டில் பெட்டி

அந்தக் குடும்பத்துப் படகில் முன்பலகைக்குத்தான் மவுசு. அதில் உட்காருபவர்தான் தூண்டில் பெட்டிக்குப் பொறுப்பு. முதல் தூண்டிலை வீசும் உரிமையும் அவருக்கே. கடைசிப் பலகையில் உட்காருபவருக்குக் கைப்பிடி வைத்த தகர டப்பா ஒன்று கிடைக்கும், படகுக்குள் கசியும் தண்ணீரை மொண்டு ஊற்ற.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டப்பா டிக்டிக்கின் கையில்தான். அவள் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பதால் புகுந்த வீட்டார் வைத்த பெயர் அது. முன்பலகையில் நாத்தனார், தூண்டில் முட்களைப் போட்ட பிளாஸ்டிக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி வீற்றிருப்பாள். பழைய மரப்பெட்டி இற்றுப்போய்க் கொட்டகையில் கிடந்தது.

"அதை நான் சரி பண்ணிட்டா முன்பலகை எனக்கா, அண்ணி?"

நாத்தனாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தாராளமா! ஆனா படகுல வெச்சுத் திறக்கணும். ரெண்டு தட்டும் தானா எழும்பணும். ஒரு முள்ளு கொட்டுச்சு, ஆயுசுக்கும் நீதான் தண்ணி மொள்ளணும்."

"கொட்டலைன்னா டப்பா உங்களுக்கு."

"அட, பாக்கலாமே!"

மூடியைத் தூக்கினால் உள்ளே இருக்கும் தட்டுகள் படிக்கட்டு மாதிரி விரிந்து எழும்பும் பெட்டி அது. கடை மேசையில் வைத்துப் பிரித்ததும் டிக்டிக்குக்குக் குஷி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தட்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு பித்தளைப் பட்டைகள். இரண்டும் ஒரே நீளம். அவற்றின் மேல் ஆணிகளுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, கீழ் ஆணிகளுக்கு நடுவேயும் அவ்வளவே. சூட்சுமமே அதுதான். பட்டைகள் எப்படிச் சாய்ந்தாலும் தட்டு சாயாது. நிறைந்த காபிக் கோப்பையை ஏந்தி வருபவர் மாதிரி மட்டமாகவே ஏறி மட்டமாகவே இறங்கும். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான், ஒடிந்த பட்டைக்குப் பதிலாகக் கொஞ்சம் நீளமான இரும்புத் துண்டை மாட்டியிருந்தார். அதனால்தான் தட்டு கோணிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறது.

"இது யாரு பண்ண வேலைங்க?" என்று கணவனைக் கேட்டாள். அவனுக்குத் திடீரென்று பால் வாங்கப் போக வேண்டியிருந்தது.

பித்தளையை அளந்து வெட்டிப் புதுப் பட்டை செய்தாள். உளுத்துப்போன தட்டுகளுக்குப் புதுப் பலகையில் அடி போட்டாள். பெட்டிச் சுவருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் விட்டாள். அதற்கு மேல் விட்டால் கடிகாரக்காரிக்குக் கை கூசும். பித்தளைச் சக்கரம் நேற்று என்ன அளவோ இன்றும் அதே அளவுதானே! வெளிப்பக்கம் மட்டும் வார்னிஷ் பூசினாள். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? கீலுக்கு ஊசி முனையில் கடிகார எண்ணெய். மூடியைத் தொட்டாலே தட்டுகள் வெண்ணெயாய் வழுக்கி எழும்பின. அவள் திறந்து மூடி, மூடித் திறந்துகொண்டே இருந்ததில், கடைசியில் கணவன் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு படுத்தான்.

ஏரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலமே பெட்டியில் முட்களையெல்லாம் அடுக்கிக் கொண்டுபோய் முன்பலகையில் வைத்துவிட்டு வந்தாள், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல.

காலையில் ஒரே மூடுபனி. கணவன் படகை ஓட்டினான். நடுவில் மாமியார். முன்பலகையில் டிக்டிக். பின்னால் டப்பாவோடு நாத்தனார். நடு ஏரியில் என்ஜினை நிறுத்தியதும் டிக்டிக் மூடியைத் தூக்கப் போனாள்.

மூடி அசையவில்லை.

முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இழுத்தாள். ம்ஹும்.

"என்னம்மா, மீனுங்களுக்கு இன்னிக்கு லீவா?" என்றாள் நாத்தனார். "டேய், கரைக்குத் திருப்புடா. டப்பாவை உன் பொண்டாட்டிகிட்டயே குடுத்துடறேன்."

டிக்டிக் பெட்டியைத் தட்டினாள், தடவினாள், அடியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, மரம்! ராத்திரி பூரா பனியைக் குடிச்சிருக்கு. மரம் நீளவாட்டுல வளராது அத்தை, அகலவாட்டுல பெருத்துடும். தட்டு ரெண்டும் சுவத்துல போய் முட்டிக்கிட்டு நிக்குது!"

"நானும் அப்படித்தான் அம்மாடி," என்றாள் மாமியார்.

"சாக்கெல்லாம் வேண்டாம். தோத்தாச்சு!"

"திறக்கணும்னுதான் சொன்னீங்க அண்ணி, உடனேன்னு சொன்னீங்களா? என்னங்க, என்ஜினைப் போடுங்க!"

என்ஜின் மூடிதான் படகிலேயே சூடான இடம். அதன்மேல் பெட்டியை உட்காரவைத்தாள். படகு ஏரியைச் சுற்றியது. திரும்பவும் சுற்றியது. கரையில் தூண்டில் போட்டவர்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாமியார் அவர்களுக்கு ஊர்வலத்தில் போகிறவர்போல் கையசைத்தாள். நாத்தனாருக்குக் கோபம் வரத்தான் பார்த்தது, சிரிப்பு முந்திக்கொண்டது. அக்கா அண்ணி, அத்தை அம்மாடி என்று எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கத்திச் சிரித்ததில் படகு ஆடியது.

பெட்டிக்குள் "டிக்" என்றது.

"யாரும் பேசாதீங்க!" டிக்டிக் மூடியில் விரலை வைத்தாள். கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு விட்டுக்கொடுத்தது. தட்டுகள் இரண்டும் சாவதானமாக எழுந்து விரிந்தன. படகு ஆடிக்கொண்டுதான் இருந்தது. முட்கள், ஈயக்குண்டுகள், சிவப்பு மிதவைகள் எல்லாம் தட்டின் சின்னச் சின்ன அறைகளுக்குள் அப்படியே. ஒன்றுகூடக் கொட்டவில்லை.

"அம்மா, பாத்தியா!" என்று கணவன் தன் பங்குக்குக் கூவினான், இரும்புத் துண்டு மாட்டிய புண்ணியவான்.

நாத்தனார் தட்டையும் பார்த்தாள், காலடியில் தேங்கிய தண்ணீரையும் பார்த்தாள். "அடடா, கை நழுவிடுச்சே!" என்று தகர டப்பாவை ஏரியில் வீசினாள். அது மிதந்து மிதந்து தள்ளிப் போனது.

டிக்டிக் முன்பலகையில் ஏறி உட்கார்ந்து முள்ளைக் கட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தூண்டிலை வீசினாள். குறி வைத்தது என்னவோ இடது பக்கம்; முள் பறந்தது வலது பக்கம். தூண்டில் நரம்பு வெடுக்கென்று இறுகியது.

"மாட்டிக்கிச்சு!" என்று மாமியார் துள்ளினாள்.

சுற்றிச் சுற்றி இழுத்தாள் டிக்டிக். கைப்பிடியில் முள் மாட்டி, வாய் நிறையத் தண்ணீரோடு வந்து சேர்ந்தது தகர டப்பா.

"இந்தாங்க அண்ணி," என்று பின்னால் நீட்டினாள். "முதல் மீன் உங்களுக்குத்தான்."