ஆறு மணி அலறல்

அந்தக் குழந்தையின் தலைமுடி எவ்வளவு மெல்லியது என்றால், வகுப்பில் பக்கத்தில் இருப்பவள் தும்மினால் இவள் தலையில் மூன்று சிக்கு விழும். எதிர்வீட்டில் மின்விசிறி போட்டால் ஒன்று விழும். சும்மா உட்கார்ந்து யோசித்தால்கூட ஒன்று விழும் என்பாள் அவளுடைய அம்மா. அது மட்டும் கொஞ்சம் மிகை. ஒருநாள் பிடரிச் சிக்கைப் பிரித்தபோது உள்ளேயிருந்து பாதி பஸ் டிக்கெட்டும் ஒரு சட்டைப் பொத்தானும் வந்தன. வீட்டில் இருந்த எல்லாச் சட்டைகளையும் எடுத்துப் பார்த்தாயிற்று, எதிலும் பொத்தான் குறையவில்லை. ஏழு வயதான அவளை எல்லோரும் பஞ்சு என்று கூப்பிட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

முடியாவது பரவாயில்லை. மண்டைத்தோல் அதற்கும் ஒருபடி மேல். சீப்பை எடுக்க அலமாரியைத் திறக்கும் சத்தத்துக்கே அவளுக்கு வலிக்கத் தொடங்கிவிடும்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏழு மணிக்கு டியூட்டி என்பதால் ஆறு மணிக்கே சீப்பை எடுப்பாள். ஆறு அடித்து ஒரு நிமிஷத்தில் பஞ்சுவின் அலறல் கிளம்பும். முதல் அலறலுக்கு மாடிப்படியில் தூங்கும் பூனை எழுந்து, அடுத்த கட்டிடத்துக்குப் போய் மிச்சத் தூக்கத்தைத் தூங்கும். இரண்டாவது அலறலுக்கு இரண்டாம் மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். மூன்றாம் மாடியில் தனியாக இருந்த பஸ் டிரைவர் மட்டும் ஒருநாள்கூட வந்து குறை சொன்னதில்லை. தங்கமான மனுஷன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கும்போது அம்மாவுக்கு வெளியூரில் பத்து நாள் பயிற்சி என்று உத்தரவு வந்தது. அப்பா கப்பலில் வேலை செய்பவர். அப்போது எந்தக் கடலில் இருந்தார் என்று அவருக்கே நிச்சயமில்லை. மிச்சம் இருந்தது கீழ்த்தளத்தில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்த தாய்மாமன்தான். வயது முப்பத்தெட்டு. இருபத்தைந்திலேயே தலை முழுதும் வழுக்கை. வீட்டில் சீப்பு என்ற பொருளே கிடையாது. துண்டால் முகம் துடைக்கும்போது அப்படியே மேலே ஒரு சுற்றுச் சுற்றினால் அவருடைய தலை அலங்காரம் முடிந்தது.

"டேய் தம்பி, நல்லா கேட்டுக்கோ," என்றாள் அக்கா, பெட்டியை மூடிக்கொண்டே. "என்னால இனிமே முடியாது. இவளை அழவெச்சுட்டு நானும் பஸ்ல அழுதுக்கிட்டே போறேன். பத்து நாள் கழிச்சு வந்து, மறுநாள் காலையில நானே சீவுவேன். சத்தம் வரலைன்னா முடி இருக்கட்டும். ஒரு சத்தம் வந்தாலும் கத்திரிக்கோல்தான். ஒட்ட வெட்டிடுவேன்."

பஞ்சுவின் முகம் சுண்டிப் போயிற்று. ஐந்து வயதில் ஒருமுறை அப்படி ஒட்ட வெட்டியிருந்தார்கள். அந்த வருஷம் முழுக்கக் கடைக்காரர்கள் அவளை "தம்பி, ஓரமா நில்லு" என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் வரிசையில் நிற்கவைத்தார்கள். இப்போதுதான் முடி தோளைத் தொட்டிருந்தது. இன்னும் நாலு விரற்கடை வளர்ந்தால் பின்னல் போடலாம் என்று தினமும் சுவரோடு நின்று ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"மாமா இருக்கேன்ல?" என்றார் மாமா.

பஞ்சு அவர் தலையை ஒருமுறை பார்த்தாள். "அதான் பயமா இருக்கு," என்றாள்.

முதல் நாள் மாமா முழு நம்பிக்கையோடு உச்சியில் சீப்பை வைத்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பு இழுத்தார். எல்லோரும் அப்படித்தானே சீவுகிறார்கள். பஞ்சு அலறிய அலறலில் கடையில் ரிப்பேருக்கு வந்து ஒருமாதமாக ஓடாமல் கிடந்த மெஷின் ஒன்று நாலு தையல் போட்டு நின்றது. அதற்கு அவர் கூலி வாங்கவில்லை, அந்த அளவுக்கு நேர்மையான ஆள்.

இரண்டாம் நாள் எண்ணெய்க் குப்பியோடு வந்தார்.

"என்ன எண்ணெய் இது?"

"மெஷின் எண்ணெய். ஒரே ஒரு சொட்டு. எப்பேர்ப்பட்ட சக்கரமும் வழுக்கிக்கிட்டு ஓடும்."

"என் தலை சக்கரமா மாமா?"

குப்பி திரும்பிப் போயிற்று. அன்றைக்கும் அலறல்தான். மூன்றாம் நாள் கதை சொல்லிக்கொண்டே சீவினார். கதையில் ராட்சசன் வரும் இடத்தில் சீப்பு சிக்கிக்கொண்டது. ராட்சசனே பயந்து ஓடும்படி ஒரு சத்தம் எழுந்தது. நாலாம் நாள் சீப்பில் இரண்டு பல் உடைந்தன. ஒன்று கிடைத்தது. இன்னொன்றைத் தேடுவதற்கு அவள் அனுமதிக்கவில்லை. ஒட்ட வெட்டிய தலையோடு பள்ளிக்கூடம் போகப்போகும் மருமகளை நினைத்து மாமா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அங்கே யோசனை எதுவும் முளைத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் பஞ்சு பள்ளிக்கூடம் விட்டுக் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தெருமுனைத் தையல்கார அம்மா தன் மெஷினின் தலைப்பாகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். ஊசிக்குக் கீழே நூல் பந்துபோல் சுற்றிச் சிக்கியிருந்தது. மெஷினின் குறையைச் சொல்லிக்கொண்டே அவள் நூலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

மாமாவுக்கு ரத்தம் கொதித்தது. "இழுக்காதீங்கம்மா! நூல் என்ன உங்களுக்குப் பகையாளியா? இழுத்தா முடிச்சு இறுகும், ஊசி வளையும். விடுங்க, விடுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "முதல்ல நுனி எங்கேன்னு பார்க்கணும். நுனியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல வரணும். முடிச்சுக்கு மேல இப்படி விரலால அழுத்திப் பிடிச்சுக்கணும். அப்பதான் இழுக்கிற இழுப்பு மெஷினுக்குப் போகாது, என் விரலோட நின்னுடும். புரியுதா?" பேசிக்கொண்டே ஒரு குண்டூசியால் இழை இழையாக எடுத்தார். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் இருந்தது அவர் கை.

"மாமா," என்றாள் பஞ்சு.

"என்னடா செல்லம்?"

"நூலுக்கு வலிக்குமா?"

"நூலுக்கு எப்படி வலிக்கும்?"

"அப்ப வலிக்காத நூலை மட்டும் நுனியிலேருந்து எடுக்கறே. வலிக்கற என்னை உச்சியிலேருந்து இழுக்கறே."

தையல்கார அம்மா மாமாவைப் பார்த்தாள். சுவரோரம் வரிசையாக இருந்த ஒன்பது மெஷின்களும் பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றிற்று. இருபது வருஷமாக ஊருக்கே சொன்ன பாடம் கையருகே இருந்த ஒரு தலைக்கு ஏறாமல் போயிருந்தது, அவருடைய தலைக்குத்தான்.

"அந்தச் சீப்பை எடுத்துக்கிட்டு வா," என்றார்.

சீப்பைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் பிளாஸ்டிக் ஒட்டுப்போட்ட இடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. "ஊசியில இத்தனூண்டு பிசிறு இருந்தாலே நூல் அறுந்துடும். இது என்ன சீப்பா, ரம்பமா?" அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைக்குப் போய் அகலப் பல் வைத்த சீப்பு ஒன்று வாங்கிவந்தார். அதையும் நம்பாமல், மெல்லிய உப்புத்தாளால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, தன் வழுக்கையில் உரசிப் பார்த்தார். இந்த உலகத்தில் வேறு எந்தச் சீப்பும் இவ்வளவு கடுமையான பரீட்சையில் தேறியிருக்க முடியாது. கீறல் விழாத அந்த மண்டையைப் பார்த்துப் பஞ்சு முதல்முறையாக அதற்கு ஒரு பயன் இருப்பதை ஒத்துக்கொண்டாள்.

தையல்கார அம்மாவும் சும்மா போகவில்லை. "தலையணை உறை என்ன துணி? பருத்தியா? ராத்திரி பூரா அதுல உரசித்தான் முடி சிக்காகுது. என்கிட்ட வழவழன்னு லைனிங் துணி மிச்சம் கிடக்கு, ஒரு உறை தைச்சுத் தரேன். குளிச்சதும் துண்டால பரபரன்னு தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க," என்று சொல்லி, நூல் விடுபட்ட மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஐந்தாம் நாள் காலை. துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியில் தண்ணீரும் ஒரு துளி கண்டிஷனரும் கலந்து முடியை லேசாக நனைத்தார் மாமா. தலையை ஆறு பாகமாகப் பிரித்து, துணி கவ்வும் கிளிப்புகளைப் போட்டார். ஒரு பாகத்தைக் கையில் எடுத்து, சிக்குக்கு மேலே விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து தொடங்கினார். ஒரு விரற்கடை. அப்புறம் இன்னொன்று. பஞ்சு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலி வருவதற்குக் காத்திருந்தாள்.

"ஸ்..." என்றாள் ஒரே ஒருமுறை, பிடரியில்.

"எங்கே?"

"இங்கே."

மாமா அந்த இடத்தை மட்டும் சீப்பை விட்டு விரலாலேயே பிரித்தார். எல்லாம் முடிந்தபோது பஞ்சு கண்ணைத் திறந்து, "எப்ப ஆரம்பிக்கப் போறே?" என்று கேட்டாள்.

ஆறாம் நாளிலிருந்து அந்த "ஸ்" கூட இல்லை. ஐந்து நாள் வீடு நிசப்தமாக இருந்தது. பூனைக்கு ஒன்றும் புரியவில்லை. வழக்கப்படி ஆறு மணிக்கு எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டு மறுபடியும் படுத்தது.

பத்தாம் நாள் சாயங்காலம் அம்மா வந்தாள். மாமா நடந்ததைச் சொன்னார். அம்மா நம்பவில்லை. "நீ சின்ன வயசிலேருந்தே புளுகன்டா. காலையில பார்த்துக்கலாம்," என்றாள். கத்திரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

மறுநாள் ஆறு மணி. பஞ்சு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒருபக்கம் கத்திரிக்கோல், இன்னொரு பக்கம் கையைப் பிசைந்துகொண்டு மாமா. அம்மா புதுச் சீப்பைக் கையில் எடுத்தாள். அம்மா, ஆறு மணி, சீப்பு. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததைப் பார்த்ததும் பஞ்சுவின் வாய் அவளைக் கேட்காமலேயே திறந்துகொண்டது.

அலறினாள். முந்தைய அலறல்களெல்லாம் இதற்கு ஒத்திகை என்று சொல்லும்படி ஒரு அலறல். பூனை நிம்மதியாக எழுந்து அடுத்த கட்டிடத்துக்குப் போயிற்று.

"பார்த்தியா?" என்றாள் அம்மா.

"அக்கா, சீப்பே இன்னும் படலையே!"

"படாமலே இப்படின்னா, பட்டா?"

"பழக்க தோஷம்க்கா. உன்னைப் பார்த்ததும் வாய் தானா திறந்துடுச்சு. ஒரே ஒருதரம் சீவிப் பாரேன்!"

"ஒரு சத்தம்னு சொன்னேனா இல்லையா? சொன்னா சொன்னதுதான்." அம்மா பஞ்சுவின் முகத்தைப் பார்க்கவில்லை. கத்திரிக்கோலை எடுத்தாள். பஞ்சு வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். ஆனால் போன சத்தம் போனதுதான். கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று கொட்டிற்று. மாமா தன் வழுக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேறு எதைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது கதவு படபடவென்று தட்டப்பட்டது.

மூன்றாம் மாடி பஸ் டிரைவர். ஒரு கை மட்டும் சட்டைக்குள் போயிருந்தது. வாயில் பல் தேய்க்கும் பிரஷ்.

"அப்பாடா!" என்றார் அவர், நுரையோடு. "சிஸ்டர், வந்துட்டீங்களா! இன்னிக்காவது குழந்தை கத்துச்சே! நல்லா இருக்கணும் நீங்க."

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் அம்மா, கத்திரிக்கோலைக் கீழே இறக்காமல்.

"ஏழு மணிக்கு முதல் பஸ் என்னோடது. ஒரு வருஷமா பாப்பா சத்தத்துலதான் எழுந்திரிக்கறேன். ஆறு நாளா ஒரு பொட்டுச் சத்தம் இல்லை! அதுல ஒரு நாள் எனக்கு லீவு, மிச்ச அஞ்சு நாளும் லேட். முதல்ல பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன். நேத்து டிப்போவுல மெமோ கையில கொடுத்துட்டாங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "காரணம் எழுதச் சொல்றாங்க. கீழ்வீட்டுக் குழந்தைக்கு வலிக்கலைன்னு எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்க?"

அம்மா தாளை வாங்கி வாசித்தாள். ஐந்து தேதிகள். விரல்விட்டு எண்ணினாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். புளுகனாக இருந்தாலும் ஒரு பஸ்ஸையே ஐந்து நாள் தாமதப்படுத்தும் அளவுக்கு இவனால் புளுக முடியாது என்பது அவளுக்கே தெரிந்தது.

கத்திரிக்கோலை மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள். "எப்படிப் பிடிக்கணும்னு சொன்னே?" என்று கேட்டாள்.

"முடிச்சுக்கு மேல, அக்கா. விரலால. நுனியிலேருந்து."

அம்மா குனிந்து, நுனியிலிருந்து தொடங்கினாள். பஞ்சு வாயைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை. ஆனால் தேவைப்படவும் இல்லை. கடைசியில் உச்சியிலிருந்து ஒருதரம் சீவிப் பார்த்தபோது, தடை எதுவும் இல்லாமல் சீப்பு அவ்வளவு வேகமாக வழுக்கி வந்தது. அம்மாவின் கையைவிட்டு நழுவி, வாசலில் நின்ற டிரைவரின் பிரஷைத் தட்டிவிட்டுப் படிக்கட்டில் போய் விழுந்தது. அம்மா நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே பஞ்சுவின் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் பஸ்ஸில் அழவில்லை.

"எல்லாம் சரி," என்றார் டிரைவர். "நாளைக்கு நான் எப்படி எழுந்திரிக்கறது?"

"அலாரம் வாங்குங்க அண்ணா," என்றார் மாமா.

"மூணு வெச்சிருக்கேன். அதுல உயிர் இல்லைங்க."

பஞ்சு எழுந்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிரைவரைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தாள். தன் தலையைக் காப்பாற்றியவர் வேலையில் திட்டு வாங்கலாமா?

"நான் கத்தறேன் அங்கிள்," என்றாள். "வலிக்காமலே கத்துவேன்."

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குப் பஞ்சு பால்கனிக்கு வந்து, மூன்றாம் மாடியைப் பார்த்து நிதானமாக ஒரு அலறல் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சீவிக்கொள்ள உட்காருவாள். டிரைவர் ஜன்னலைத் திறந்து கையை ஆட்டினால் அத்தோடு சரி. ஆட்டாவிட்டால் இன்னொன்று. முதல் பஸ் ஒருநாளும் தவறவில்லை. பின்னல் போட நாலு விரற்கடை வளர்வதற்குள் அவள் குரல் எவ்வளவு வளர்ந்துவிட்டது என்றால், இரண்டு தெரு தள்ளி இருந்தவர்களும் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

ஒரே ஒரு தவறு நடந்தது. டிரைவருக்கு வார விடுமுறை என்பதை மறந்து ஒருநாள் கத்திவிட்டாள். அவர் பாட்டுக்கு எழுந்து, குளித்து, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய் பஸ்ஸை எடுத்துவிட்டார். பாதி வழியில்தான் அவருக்கு ஞாபகம் வந்ததாம். ஏறியவர்களை நடுவழியில் இறக்கிவிட மனசு வரவில்லையாம், சாயங்காலம் வரைக்கும் ஓட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.