முப்பத்தோராவது உதை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டி வலியிலிருந்து வந்தது. என் வலது முட்டியில் கத்தி வைத்த டாக்டர், இனிமேல் மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் செய்யக்கூடாது என்றார். என்னிடம் இருப்பது ஒற்றை சிலிண்டர் வண்டி. பட்டன் கிடையாது, உதைத்தால்தான் உண்டு. ஆகவே வண்டியை என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, எடுத்துக்கொள்கிறான். நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறான். அதற்குள் நான் இந்தக் கதையை முடித்தாக வேண்டும். அவனிடம் ஒன்பது வருஷமாக ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறேன். வண்டி கைமாறினால் அதுவும் சேர்ந்து போகும்.

நான் ஆறாவது வரை படித்தவன். முப்பத்தெட்டு வருஷம் லேத் மெஷினில் நின்றவன். இதுவரை கதை எழுதியதில்லை. அதற்காக நடுங்கிக்கொண்டு எழுதப்போவதும் இல்லை. இரும்பைக் கடைகிறவனுக்கு அளவு தெரிய வேண்டும், எழுதுகிறவனுக்கும் அதுதான் வேண்டியிருக்கும். மற்றதெல்லாம் பாலிஷ்.

படிக்கிற உங்களை எனக்குத் தெரியாது. தெரியாத ஆட்களை நான் நம்புவதில்லை. தெரிந்தவர்களையும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் நம்புவேன். எனவே சிலதைச் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2

ஆரம்பம் மூன்று எழுதினேன். மூன்றும் கெட்டுப்போய்விட்டன. அப்படியே வைக்கிறேன். கெட்ட உருப்படியை மெஷினுக்கு அடியில் ஒளித்துவைக்கிறவனை எனக்குப் பிடிக்காது.

முதலாவது: "அந்த வண்டி என் ஒருத்தன் காலுக்குத்தான் அடங்கும். வேறு யார் உதைத்தாலும் அது"

(நிறுத்திவிட்டேன். பொய். ஊர் நம்பிய பொய்தான், ஆனாலும் பொய்.)

இரண்டாவது: "காலைக் கதிரவன் தன் பொன்னிறக் கரங்களை நீட்டி"

(இது எங்கிருந்து வந்து விழுந்தது என்றே தெரியவில்லை. கதை நடந்த அன்றைக்கு மழை.)

மூன்றாவது: "என் மச்சான் முரட்டு ஆள். அடர்ந்த மீசை. யார் பேச்சையும் கேட்க மாட்டான்."

இதை என் மனைவி படித்துவிட்டாள். அவள் பத்தாவது படித்தவள். நான் எழுதுகிற ஒவ்வொரு தாளையும் சிவப்புப் பேனாவோடு வந்து வாங்கிக்கொள்கிறாள்.

"என் தம்பிக்கு எப்பங்க மீசை இருந்துச்சு?"

"கதைக்கு வேணும்."

"எதுக்கு?"

"படிக்கிறவங்களுக்கு அவன் மேல கொஞ்சம் கோபம் வரணும்."

"கோபம் வர்ற மாதிரி அவன் என்ன பண்ணான்?"

யோசித்துப் பார்த்தேன். மீசையை எடுத்துவிட்டேன்.

3

ஸ்டார்ட் செய்யும் முறையைச் சொல்கிறேன். இது தெரியாமல் மேலே படித்துப் பிரயோஜனமில்லை.

பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். சாவியைத் திருப்ப வேண்டும். கிக்கரைக் காலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனால், ஓர் இடத்தில் பாதத்துக்கடியில் சுவர் வந்து நிற்கும். அங்கே பலத்தைக் காட்டுகிறவன் முட்டாள். கைப்பிடியில் இருக்கும் சின்ன லீவரைப் பிடித்தால் உள்ளே அடைபட்ட காற்று புஸ்ஸென்று போகும். சுவரை ஒரு நூல் தாண்டி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு உதைக்க வேண்டும். முழு உடம்போடு உதைக்க வேண்டும். அரை மனசோடு உதைத்தால், உள்ளே தீப்பொறி முந்திக்கொண்டு, இன்ஜின் உங்களைத் திருப்பி உதைக்கும். எலும்பு போகும்.

தீப்பொறி இருந்தால்தான் அது திருப்பி உதைக்கும். இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வையுங்கள்.

அடுத்தது சுவிட்ச். வண்டி வாங்கிய புதிதில் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. சைக்கிள்தான். அன்று சாயங்காலமே நான் வண்டியின் வயரில் ஒரு சுவிட்சைக் கோத்து மறைத்துவிட்டேன். அதை அணைத்துவிட்டால் தீப்பொறி வராது, எவன் உதைத்தாலும் கிளம்பாது. நான் மட்டும் பெட்ரோல் குழாயைத் திறக்கிற மாதிரி குனிந்து, அதைப் போட்டுக்கொள்வேன். என் மனைவிக்கும் சொல்லவில்லை. அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

காலம் போகப் போக ஒரு வேடிக்கை நடந்தது. பந்தயம் கட்டி வந்து உதைத்தவர்கள் எல்லாரும் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பிப் போனார்கள். கடைசியில் நான் குனிந்து நிமிர்ந்து ஒரே உதை. "அது அவருக்குத்தான் அடங்கும்" என்றார்கள். திருடனுக்காக வைத்த சுவிட்ச் பெருமைக்கு வேலை செய்யத் தொடங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்.

4

(இந்தப் பகுதியை நாலு தடவை எழுதினேன். இது நாலாவது.)

ஒன்பது வருஷத்துக்கு முன், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் பஸ் டிரைவர். சாப்பிட்டுக் கை கழுவியவன் நேரே வண்டியிடம் போனான்.

"தள்ளுங்க மாமா. அறுபது பேரை ஏத்திக்கிட்டு மலை ஏறுறவன் நான். இந்தக் கழுதை என்ன பண்ணிடும்?"

"மச்சான், இது உன் பஸ் இல்ல. ஆள் பாத்துதான் கிளம்பும்."

"பாக்கட்டும். நல்லா கண்ணைத் திறந்து பாக்கட்டும்."

நான் குனிந்து சுவிட்சைப் போட்டிருக்கலாம். போடவில்லை. கைகட்டிக்கொண்டு எண்ணினேன். பத்தாவது உதையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் குடையோடு வந்து நின்றார்கள். இருபதில் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மாமா, மந்திரம் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"மந்திரம்லாம் இல்ல. உனக்குக் கால் போதல."

அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் நிறுத்தியிருப்பான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை. முப்பத்தோராவது உதையில் நனைந்த ரப்பர் செருப்பு கிக்கரிலிருந்து வழுக்கியது. பாதம் மடங்கி அதன் மேலேயே விழுந்தான். கணுக்கால் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

தூக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "இன்ஜின் திருப்பி உதைச்சிடுச்சு."

வழுக்கி விழுந்தேன் என்று சொல்ல ஒரு டிரைவருக்கு வாய் வருமா? அங்கே நின்ற அத்தனை பேரும் நம்பினார்கள். தீப்பொறி இல்லாத இன்ஜின் யாரையும் உதைக்காது என்று தெரிந்தவன் நான் ஒருத்தன். அவன் பொய்யை மறுக்க வேண்டுமென்றால் என் பொய்யை எடுத்து வெளியே வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நின்றுகொண்டன. இன்னும் நிற்கின்றன.

கணுக்கால் சரியாகக் கூடவில்லை. நாள் முழுக்க பிரேக்கை அழுத்திப் பிடிக்க அந்தக் காலுக்கு உறுதி போதாது என்று பஸ்ஸை வாங்கிக்கொண்டார்கள். டிப்போ வாசலில், போகிற வருகிற வண்டிகளின் நம்பரை எழுத ஒரு நாற்காலி கொடுத்தார்கள். போன வருஷம் அந்த நாற்காலியிலிருந்தே ரிட்டயர் ஆனான். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. எப்போது வந்தாலும், "கழுதை எப்படியிருக்கு மாமா?" என்பான்.

(இந்தத் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் என் மனைவி எழுதியிருப்பது: "நிஜமாவா?" அதற்குக் கீழே நான்: "ஆமாம்.")

5

மத்தியானம் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சாப்பிட்டு முடித்ததும் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் தாளை எடுத்து முடிவுகளை எழுதத் தொடங்கினேன்.

முடிவு ஒன்று: அவன் வருவதற்கு முன்னால் சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிடுவது. இரண்டாவது உதையில் வண்டி கிளம்பும். கழுதை கடைசியில் தனக்கும் அடங்கிவிட்டது என்று சந்தோஷமாகப் போவான். படிக்கிறவர்களுக்கும் பிடிக்கும். (உள்ளே விரிசல் விட்ட சாமானுக்கு மேலே பெயின்ட் அடித்து அனுப்புகிற வேலை.)

முடிவு இரண்டு: சுவிட்சை அப்படியே விடுவது. உதைத்து உதைத்து அலுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பான். வண்டி என்னிடமே இருக்கும். (வந்த நினைப்பை மறைக்கவில்லை. வந்தது.)

முடிவு மூன்று: நேருக்கு நேர் சொல்வது. "மச்சான், அன்னைக்கு"

"மச்சான், அந்த வண்டியில"

"மச்சான், நீ கோபப்படக்கூடாது, நான்"

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். மூன்றையும் படித்தாள்.

"வாயில வரலையா?"

"நான் சொன்னா அவன் வழுக்கி விழுந்ததும் சேர்ந்து வெளிய வருமில்ல. வண்டி உதைச்சுதுன்னுதானே எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கான். அவனுக்கு அசிங்கம். அதான் யோசிக்கிறேன்."

"ஒன்பது வருஷமா அவனுக்காகத்தான் யோசிச்சீங்களா?"

லேத்தில் விரல் போகப் பார்த்த நாள்கூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

"இதைக் குடுங்க அவன்கிட்ட" என்று தாள்களைத் தட்டினாள்.

"இது கதைடி."

"கதையாவே குடுங்க. யாரோ படிக்கப் போறாங்கன்னுதானே எழுதுனீங்க. அந்த யாரோ அவன்தான்னு வெச்சுக்கங்க."

6

மேலே 'நீங்கள்' என்று வரும் இடங்களை நான் திருத்தவில்லை. அதை எழுதும்போது படிக்கப்போகிறவன் யாரென்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், மச்சான்.

சீட்டுக்குக் கீழே இடது பக்கம் கருவிப்பெட்டி இருக்கிறது. அதற்குப் பின்னால் விரலை விட்டால் பட்டாணி அளவில் ஒரு முனை தட்டுப்படும். கீழே தள்ளினால் தீப்பொறி வரும். உலகத்தில் இது தெரிந்த இரண்டாவது ஆள் நீ. அக்காவுக்குக்கூட சுவிட்ச் இருப்பதுதான் தெரியும், இடம் தெரியாது. இந்தத் தாளை அவள் கையில் கொடுக்காமல் மடித்து நானே வண்டி சீட்டின் மேல் ஸ்பேனர் வைத்து வைக்கிறேன்.

உன் கால் வழுக்கியதை அக்கா படித்துவிட்டாள். அவளைத் தாண்டி வேறு எங்கும் எழுத மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன். உன் பொய்யை நீ வைத்துக்கொள். என்னுடையதை மட்டும்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

சுவிட்சை நான் தொடவில்லை. நீ அதைத் தள்ளிவிட்டு உதைக்கலாம். உதைக்காமல் திரும்பி நடக்கலாம். இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து என் முகத்தில் எறியலாம். முன் அறையில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். கதவைத் தாழ்போட மாட்டேன். நான் கதவைத் தாழ்போடாமல் உட்கார்ந்து நீ பார்த்திருக்க மாட்டாய்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. சத்தம் கேட்கிறதா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன், அவ்வளவுதான் என் வேலை.

ஒன்று மட்டும். செருப்போடு உதைக்காதே. ஷூ போட்டுக்கொள்.