வீரப்பன் தொடக் கூடாத ஹாரன்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடை சரியில்லை என்று யாரும் வரக் கூடாது. பிரிஞ்சாங் என்ற மலையூரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரர், "லோரி தானா ஓட ஆரம்பிச்சிருச்சு லா, சட்டந்தான் இன்னும் ஸ்டார்ட் ஆகல" என்றார். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

பனி மூடிய மலைச்சரிவில், தேயிலைப் பச்சைக்கு நடுவே, எதிர்காலம் மெல்ல உருண்டு

(அந்த வரியை அடித்துவிட்டேன். உருண்டு வந்தது முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி. எதிர்காலமாவது மண்ணாவது.)

2

முகுந்தனிலிருந்து தொடங்குகிறேன். வாகன அனுமதிகளைப் பார்க்கும் அதிகாரி, கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒரு கம்பெனி கம்போங் ராஜா, கோலா தெர்லா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓட்டுநர் இல்லாமல் ஓடும் லோரியைச் சோதித்துக்கொண்டிருந்தது. மின்சார லோரி, பக்கத்தில் வரும்வரை சத்தமே கேட்காது. சோதனைக்காக மட்டும் இருக்கையில் ஓர் ஆள் இருக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது, ஆபத்து வந்தால் பிரேக்கை மட்டும் மிதிக்கலாம். அந்த ஆள், மீசை நரைக்கும்வரை இதே சாலையில் லோரி ஓட்டிய வீரப்பன்.

சோதனை முடிந்தது. விபத்து இல்லை, பிரேக்கை மிதிக்கவும் நேரவில்லை. இனி இருக்கையில் ஆள் வேண்டாம் என்றது கம்பெனி. அதற்கான பரிந்துரையை முகுந்தன் எழுத வேண்டும். எழுதிக் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும்.

(அந்தக் கமிட்டி! ஓட்டுநரே இல்லாத வண்டியின் ஓட்டுநர் சீட் பெல்ட் போட வேண்டுமா என்று ஒரு காலை முழுக்கப் பேசியவர்கள். இது என் கற்பனைதான் என்று சொல்லி வைக்கிறேன். நீங்கள் ஏதாவது அலுவலகத்துக்குப் போயிருந்தால் சிரிக்க மாட்டீர்கள்.)

3

எழுதுவதற்கு முன் லோரியில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்று முகுந்தன் ஏறினார். தோட்டத்து முனியாண்டி கோயில் வளைவு வந்தது. ஒரு பக்கம் பாறை. வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியாது. வீரப்பனின் ஒரு கை தானாக நீண்டு ஹாரனை இரண்டு முறை அழுத்தியது. மறு கை கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வளைவைத் தாண்டியதும், தலையில் கொழுந்து மூட்டைகளோடு நான்கைந்து பெண்கள் சாலையோரம் நின்றிருந்தார்கள்.

"என்னண்ணே, எதையும் தொடக் கூடாதுன்னுதானே ரூல்?"

"சாமிக்கு அடிச்சேன் சார். முனியாண்டிய தாண்டுறப்ப சத்தம் காட்டாம போனா குத்தம் லா."

"எல்லா ட்ரிப்பும் அடிச்சீங்களா?"

"ஒண்ணுகூட விட்டதில்ல சார்." சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு.

பிரேக்கைத் தொட்டாரா, ஸ்டீயரிங்கைத் தொட்டாரா என்றுதான் கம்பெனி கணக்கு வைத்திருந்தது. ஹாரனைப் பற்றி யாரும் விசாரிக்கவே இல்லை. லோரி நின்றதும் முகுந்தன் இறங்கி, வளைவுக்குத் திரும்பி நடந்தார். அந்தப் பெண்களில் முன்னால் நின்ற செல்லம் என்பவரைப் பிடித்தார்.

"வண்டி வருதுன்னு எப்படிக்கா தெரியுது?"

"முனிக்கு அடிப்பாங்கள்ல சார். சத்தம் கேட்டா நிப்போம், கேக்கலன்னா கடந்துருவோம். தலையில மூட்டைய வச்சிக்கிட்டு கழுத்தத் திருப்ப முடியுமா?"

"அந்தப் புது லோரி?"

"அதுவும் நல்ல புள்ளையாட்டம் அடிச்சிட்டுத்தான் போவுது."

(ஹாரன் அடிக்காத வெளியூர்க் கார்களைப் பற்றிக் கேட்பீர்கள். மலையேறும்போது அவற்றின் இன்ஜின் போடும் முனகல் ஒரு மைல் கேட்கும்.)

4

இந்த இடத்தில் எனக்கு வீரப்பன் மேல் சந்தேகம் வந்தது. வேலைக்குப் பயந்து மழுப்புவாரோ? மழுப்புகிற மாதிரி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். மனுஷர் ஒத்துழைக்கவில்லை.

முகுந்தன் அவரிடம் நேராகவே சொன்னார். "நான் உண்மைய எழுதினா சோதனை செல்லாதுண்ணே. ரூல் மீறுனீங்கன்னு உங்கள நிறுத்திருவாங்க."

"எழுதலன்னா?"

"சீட்டையே எடுத்துருவாங்க."

"அப்ப ரெண்டுலயும் எனக்கு வேலை இல்ல. எழுதுங்க சார். அங்க கடக்குறது என் தங்கச்சி செல்லம்."

முகுந்தன் எழுதினார். இருக்கையில் ஆள் தொடர வேண்டும். அது முடியாதென்றால், அந்த வளைவில் லோரி தானே ஹாரன் அடிக்க வேண்டும். வீரப்பனை அன்றே நிறுத்தினார்கள். அதில் மட்டும் ஒருவரும் தாமதிக்கவில்லை.

கோயிலுக்காக ஹாரன் என்று விதி போட முடியாது, சமய விவகாரம் வேறு இலாகா என்றது கமிட்டி. எதிரே ஏதாவது தெரிந்தால்தான் எங்கள் லோரி ஹாரன் அடிக்கும், ஒன்றுமே தெரியாத இடத்தில் எதற்கு என்றது கம்பெனி.

ஒன்றுமே தெரியாததால்தானய்யா அடிக்க வேண்டும்! (முகுந்தன் கூட்டத்தில் இப்படிக் கத்தவில்லை. அவருக்குப் பென்ஷன் இருக்கிறது. நான் கத்துகிறேன்.)

5

முதல் முடிவு: கமிட்டி தவற்றை உணர்ந்து, ஒருமனதாக

(நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

இரண்டாம் முடிவு: அன்று பனி அதிகம். ஹாரன் கேட்கவில்லை. செல்லம் மூட்டையோடு சாலையில் இறங்கினார். வளைவில்

(மாட்டேன். ஒரு விதி பிறக்க ஒரு பெண்ணை லோரிக்கு அடியில் போட வேண்டுமா? கமிட்டிகள் அதற்காகத்தான் காத்திருக்கும். நான் அந்த உதவியைச் செய்யப் போவதில்லை.)

இதுவரை நடந்ததோடு நிறுத்துகிறேன். முகுந்தனின் பரிந்துரையைக் கமிட்டி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தது. லோரியைத் தள்ளிவைக்கவில்லை, தற்காலிக அனுமதியில், இருக்கையில் ஆளில்லாமல், இன்று காலை அது கிளம்பிவிட்டது. முகுந்தன் வளைவுக்கு ஓடி, மூச்சிரைக்கச் செல்லத்திடம் சொன்னார்.

"அந்த லோரி இனிமே ஹாரன் அடிக்காதுக்கா."

"அப்ப எப்ப சார் கடக்குறது?"

செல்லம் சாலையோரம் நிற்கிறார். தலையில் மூட்டை, கழுத்து திரும்பாது, காதில் ஒரு சத்தமும் இல்லை. கேள்வியை உங்கள் பக்கம் தள்ளிவிட்டேன். சீக்கிரம் சொல்லுங்கள், மூட்டை கனக்கிறது.