பேட்டரி தாங்கும் வரை

தெரசம்மாளின் கணவர் பாக்கியநாதனுக்கு முதலில் குரல் போனது. அடுத்து கால்கள், அப்புறம் கைகள். நரம்புகள் பட்டுப்போகிற நோய், மருந்து கிடையாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். கரடியூர்ப் பக்கம் மலைத்தோட்டத்தில் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டராக இருந்து, அதட்டியே வேலை வாங்கிய மனிதருக்கு மிஞ்சியது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான்.

அந்த விரலுக்காகவே பெங்களூரிலிருந்த அவள் தம்பி ஜேசுதாஸ், தன் ஆபீசில் ஒதுக்கிப் போட்ட லேப்டாப்பைக் கொண்டுவந்தான். திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். வேண்டிய எழுத்து வரும்போது பாக்கியநாதன் பொத்தானை அமுக்குவார். தமிழ்ப் பேச்சு இங்கிலீஷ் எழுத்தில் சேரும். எட்டாவது வரை படித்த தெரசம்மாள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அவர் முதலில் சொன்னது, குழம்பில் உப்பு அதிகம் என்றுதான். சிரித்துக்கொண்டே அழுதாள் அவள்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரண்டு போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் கரண்டு இல்லாமலே ஒரு மத்தியானம் தாங்கிய லேப்டாப், இப்போது அவர் ஒரு பேச்சை முடிப்பதற்குள் அணைந்துபோனது.

திரை வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள். ஒரு காலையில் மூடி வைத்திருந்த மெஷின் சூடாக இருந்தது. மூடினால் தானாகத் தூங்க வேண்டியது, இரவெல்லாம் விழித்தே இருந்திருக்கிறது. அன்று முதல் முழுசாக அணைத்துவிட்டே மூடினாள். கொஞ்சம் தேறியது. தம்பி போனில் சொன்னபடி, சார்ஜை ஒட்டத் தீரவிட்டு மறுபடி ஏற்றினாள். அதுவும் சில நாள்தான். பேட்டரியைக் கழற்றித் துடைத்தபோது, திரும்ப அதன் இடத்தில் உட்கார மறுத்தது.

சேலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் மரியஜோசப் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மேசையின் ஓரத்துக்குத் தள்ளினான்.

“வயிறு உப்பிக் கெடக்குது பாருங்கக்கா. இனிமே இத மாட்டாதீங்க, தீப்புடிச்சாலும் புடிச்சுக்கும். கரண்டுலயே ஓட்டிக்குங்க.”

கரண்டு இல்லாத நேரத்தில் என்ன செய்ய என்று கேட்டாள். பழைய மாடல், வேறு பேட்டரி கிடைப்பது கஷ்டம் என்றான்.

வீட்டுக்கு வந்து பேட்டரியைக் காலி மண்சட்டியில் போட்டு மூடினாள். பாக்கியநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்கக் கரண்டு இருந்தும் அவர் ஒரு எழுத்தைக்கூட அமுக்கவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் கரண்டு போனது. பனிமூட்டம் வாசல் வரை வந்து நின்றது. மத்தியானத்தில் அவர் கண்கள் அகல விரிந்தன. விரல் போர்வையைத் தட்டியது, நிற்காமல் தட்டியது.

“ஏனுங்க, தண்ணி வேணுங்களா? வலிக்குதுங்களா?”

இல்லை என்பதற்கு அவர் கண்ணை மூடித் திறப்பார். எதைக் கேட்டாலும் மூடித் திறந்தார். கண்ணோரம் நீர் வழிந்தது. அவருக்குப் பயம் என்று அவளுக்குப் புரிந்தது. எதைக் கண்டு என்றுதான் தெரியவில்லை.

சட்டியைத் திறந்தாள். பேட்டரியை வைத்து உள்ளங்கையால் அழுத்தித் திணித்தாள். திரையில் வெளிச்சம் வந்தது. எழுத்துகள் வரத் தொடங்கின. ‘பின்’ என்று சேர்ந்தது. ‘சுவர்’ சேர்ந்தபோது மெஷின் மடியைச் சுட்டது, புளித்த நாற்றம் வந்தது. இன்னொரு எழுத்துக்கு அவர் காத்திருந்தபோது திரை இருண்டது. பேட்டரியைப் பிடுங்கி வாசலுக்கு எறிந்தாள். மழையில் கிடந்து புகைந்தது.

பின்சுவரில் காதை வைத்தாள். அரிசி கொட்டுவது போல மெல்லிய சத்தம். ஓடிப்போய் வீட்டின் பின்பக்கம் பார்த்தாள். மலையை வெட்டிய மண்மேடு குறுக்கே பிளந்திருந்தது. பிளவிலிருந்து செந்தண்ணீர் கசிய, மேலே நின்ற சில்வர் ஓக் மரம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் காளியப்பனும் அவர் மனைவி அத்தாயியும் ஓடிவந்தார்கள். மூன்று பேருமாகக் கட்டிலோடு தூக்கி ரோட்டுக்கு ஏற்றினார்கள். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தபோது மண்மேடு ஓசையின்றி நகர்ந்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது. பின் அறையும் லேப்டாப்பும் மண்ணுக்கடியில் போயின.

சாயங்காலம் மலைச்சரிவில் இருந்த பள்ளிக்கூடத்தில் சில குடும்பங்களோடு தங்கினார்கள். யாரோ கஞ்சி கொடுத்தார்கள். உயிர் பிழைத்ததைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, பாக்கியநாதனின் விரல் மறுபடி தட்டியது.

மெஷின் இல்லை. தெரசம்மாள் அவர் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்துகளை முதலிலிருந்து தானே வாய்விட்டுச் சொன்னாள். வேண்டிய எழுத்தில் அவர் அழுத்தினார். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். மத்தியானமே இது தோன்றாமல் போயிற்றே. எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

‘இங்கேயும் கேக்குது.’

அவள் எழுந்து காளியப்பனிடம் போனாள்.

“அண்ணா, எல்லாரையும் கெளப்புங்க. இங்கயும் இருக்கக் கூடாதுங்க.”

காளியப்பன் ஏன் என்று கேட்கவில்லை. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் காலைப் பிடித்தார்.