திரையில் வராத பெயர்

டீ குடிக்க மாடியிலிருந்து இறங்கியபோதுதான் பார்த்தேன். காலையில் எங்கள் மருத்துவமனை ஆய்வகக் கூடத்தில் ரத்தப் பரிசோதனைக்காக உட்காரவைத்த அப்பா இன்னும் அதே நாற்காலியில். சர்க்கரைக்காரர், வெறும் வயிறு. பின்னால் வந்தவர்களெல்லாம் முழங்கை மடிப்பில் பஞ்சோடு போய்விட்டார்கள். திரையில் அப்பாவின் பெயர் வரவே இல்லை. ஒரு வரி மட்டும் காலியாக நின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் தெரியும். எங்கள் மென்பொருள் பிரிவு மேலாளர், தரவுத்தளத்திலிருந்து பெயர்களை எடுத்துத் திரைக்கு அனுப்பத் தானே எழுதிய வினவலில் பெயரையும் குடும்பப் பெயரையும் அப்படியே ஒட்டியிருந்தார். குடும்பப் பெயர்க் கட்டம் நிரப்பப்படவில்லை என்றால் எங்கள் தரவுத்தளம் இருக்கிற பெயரையும் சேர்த்து விழுங்கிவிடும். அப்பாவுக்கு இருப்பதே ஒரு பெயர்தான். ரத்தம் பிடிக்கும் குப்பியில் ஒட்டும் லேபிளும் அதே வினவலில் வருவதால், பெயர் இல்லாமல் ரத்தம் எடுக்க மாட்டேன் என்றார் நர்ஸ். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மாடிக்கு ஓடினேன். குடும்பப் பெயர்க் கட்டம் காலியென்றால் இருக்கிற பெயரை மட்டும் காட்டு என்று வினவலில் ஒரு சொல் சேர்த்தால் போதும் என்றேன். இரண்டு வாரமாக இதையே சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஓடுற வண்டியை எதுக்கும்மா நோண்டணும்? இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரலையே."

என் இடத்துக்கு வந்து நோயாளிகளின் புகார்களைத் திரட்ட அவர் எழுதிய அறிக்கை வினவலைத் திறந்தேன். அதிலும் அதே ஒட்டு. போதாக்குறைக்கு, பெயர் காலியான வரிகளைத் தள்ளிவிடச் சொல்லி ஒரு நிபந்தனை வேறு. அந்த நிபந்தனையை நீக்கினேன். புகார்கள் கொட்டின. அத்தனையும் ஒற்றைப் பெயர்க்காரர்கள் எழுதியவை.

நடுவில் அப்பாவின் நோயாளி எண். போன மாதத்துப் புகார். அன்றைக்குச் சோதனை செய்யாமல் வீட்டுக்கு வந்தவர், கூட்டம் என்றார்; உடம்பில் அக்கறையே இல்லை என்று நான் கத்தினேன். அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மதியம் வரை என் பேரைக் கூப்பிடலை. பொண்ணு மேல்மாடியிலதான் வேலை பாக்குறா. அவகிட்ட சொல்ல வேண்டாம், சண்டைக்குப் போயிடுவா."

அனுமதி கேட்கவில்லை. திரைக்கான வினவலைத் திருத்தி ஓடவிட்டேன். புகார்களை அச்செடுத்து மேலாளர் மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

அப்பா சட்டைக் கையை மடித்து ஊசிக்குக் கை நீட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"யார்கிட்ட சண்டை போட்டே?"